பூஞ்சிட்டும் பேட்டரியும்

பேராண்டி, அந்தப் போனைக் கீழ வச்சிட்டு இங்கிட்டு வந்து உக்காரு. சாயங்காலத்துல இருந்து ரெண்டு காரையும் மாத்தி மாத்திக் காட்டிக்கிட்டே இருக்க. பொண்ணு போட்டோவைக்கூட நீ இம்புட்டு நேரம் பார்த்ததில்லன்னு உங்க ஆச்சி சொல்றா. ஒண்ணு கரண்டு காரு, கடையில இருந்து நேரா வரப்போறது. இன்னொண்ணு ரெண்டே கதவு வச்ச பெட்ரோல் காரு, ஜெர்மன்காரன் செஞ்சது, எவனோ ஆண்டு அனுபவிச்சு விக்கிறது. விலை ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி. "எது தாத்தா ஓட்டுறதுக்குச் சொகமா இருக்கும்?"னு கேட்ட பாரு, அப்பவே எனக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு. வெத்தல வாயில இருந்ததால அடக்கிக்கிட்டேன்.

ஏன் சிரிப்பு? நீ ஓட்டப்போற எடம் கொல்கத்தாவுல டாக்குரியா.

டாம்டாம்னு ஒரு டச்சுக் கம்பெனி, உலகத்து ஊர்களை எல்லாம் வரிசை கட்டி எது எம்புட்டு வேகமா நகருதுன்னு கணக்குப் போடுது. 2024க்கு அவன் போட்ட கணக்குல, கொல்கத்தாவுல பத்து கிலோமீட்டர் போக 34 நிமிஷம் 33 செகண்டு. இதைவிட மெதுவான ஊரு அந்தப் பட்டியல்லயே ஒண்ணுதான், கொலம்பியா தேசத்துல பாரன்கீயான்னு ஒரு பட்டணம். மணிக்குப் பதினேழு கிலோமீட்டர் சொச்சம் வருது, நானே பேனா எடுத்து வகுத்துப் பார்த்தேன். எங்க அப்பா கட்டியிருந்த மாடு ரெண்டும் நல்ல மூச்சுல இருந்தா அதைத் தாண்டி ஓடும். நீ எழுபது லட்சம், எண்பது லட்சம்னு பேசுற. மாடு ரெண்டும் சேர்த்து அன்னைக்கு எண்ணூறு ரூவா.

காலையில ஒன்பது மணிக்கு நீ சால்ட் லேக் ஆபீசுக்குக் கிளம்புறதை இந்தப் பால்கனியில உக்காந்து தினமும் பார்க்கிறேன். டாக்குரியா பாலத்து மேல ஏறுறதுக்குள்ள உனக்கு முன்னால ஒரு மினிபஸ், அதுக்கு முன்னால நாலு பேரை அடைச்ச பச்சை ஆட்டோ, அதுக்கும் முன்னால வாழைத்தார் ஏத்தின தள்ளுவண்டி. கீழ சியால்தா ரயிலு உன்னைத் தாண்டிப் போய்க்கிட்டே இருக்கு. அந்த எடத்துல உன் ஜெர்மன்காரன் "ர்ர்ரும்"னு உறுமுவான். எதுக்கு? தள்ளுவண்டிக்காரன் திரும்பிப் பார்த்து, "கீ ஹோலோ தாதா?", என்னாச்சு அண்ணேன்னு கேக்குறதுக்கு. உறுமல் சொகம் உனக்கில்லடா, ரோட்டுல நிக்கிறவனுக்கு. அவனும் அதைக் கேட்டு வாங்கல.

கரண்டு காரு நல்லதுன்னு சொல்ல வாரேன்னு நினைக்காத. அவசரப்படாத. முழுசாக் கேளு.

போன ஞாயித்துக்கிழம விடியக்காலம் அந்த சேல்ஸ் பையன் கொண்டாந்தானே ஒரு கரண்டு காரு, "தாது, நீங்களும் ஏறுங்க"ன்னு என்னையும் பின்னால ஏத்திக்கிட்டான். தாதுன்னா வங்காளத்துல தாத்தா. நல்ல பையன், மரியாதை தெரிஞ்சவன். கதவு கைப்பிடி எங்கன இருக்குன்னு தேடவே எனக்கு ரெண்டு நிமிஷம் ஆச்சு. ரோடு காலியா இருந்துச்சு. நீ ஒரு மிதி மிதிச்ச. என் வெத்தலைப் பெட்டி மடியில இருந்து எகிறிப் பின்கண்ணாடியில அடிச்சது. சுண்ணாம்பு டப்பா இன்னும் அந்தக் காருக்குள்ளதான் எங்கனயோ கெடக்கு. பையன் சந்தோஷமா, "நூறைத் தொட மூணு செகண்டு சொச்சம்தான் தாது" அப்படின்னான். நான் மனசுக்குள்ள எண்ணிப் பார்த்தேன்: ஒண்ணு, ரெண்டு, மூணு. அவன் சொன்னது நெசம். சொகமும் அங்கனயே முடிஞ்சுபோச்சு. அப்புறம் கோல்பார்க் ரவுண்டானா வந்துருச்சு.

இறங்கினப்ப உன் முகத்தைப் பார்த்தேன். ராட்டினத்துல இருந்து இறங்கின புள்ள மாதிரி இருந்துச்சு. ராட்டினம் நல்லாத்தான் இருக்கும். ஆனா ராட்டினத்தை நீ சுத்தல, அது உன்னைச் சுத்துச்சு. வெவகாரமே அங்கனதான் இருக்கு.

எங்க அப்பா மாட்டுவண்டிப் பந்தயத்துக்குப் போவாக. நம்ம கோவில்பட்டிப் பக்கம் பெரிய மாடு, நடுமாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டுன்னு பிரிச்சு விடுவாக. நம்மது பூஞ்சிட்டு. வயசு கம்மி, கால் சன்னம், கோவம் அதிகம். இடத்தன் பாலத்தைக் கண்டா மிரளும். வலத்தன் பக்கத்துல எவனும் முந்தினா பொறுக்காது. அப்பா கையில சாட்டைக்கம்பு இருக்கும், அடிச்சு நான் பார்த்ததில்ல. மேடு வந்தா உடம்பை முன்னுக்குச் சாய்ப்பாக, நுகத்துல முன்பாரம் விழும். இறக்கத்துல பின்னுக்கு நகர்ந்து பின்பாரம் போடுவாக, இல்லாட்டி மாட்டுக் கழுத்து முறிஞ்சுபோகும். கயித்தை இழுக்கிறதா விடுறதான்னு நிமிஷத்துக்கு நிமிஷம் ஒரு பேச்சுவார்த்தை நடக்கும். மாடு ஒண்ணு சொல்லும், இவுக ஒண்ணு சொல்லுவாக, மாடு எதிர்த்துப் பேசும். வீட்டுக்கு வந்து எறங்கினதும் கை ரெண்டும் நடுங்கும். ஆனா அன்னைக்கு ராத்திரி அம்மா என்ன கொழம்பு வச்சாலும் ருசியா இருக்குன்னு சொல்லுவாக. அம்மாவுக்கு வருஷத்துல நல்ல நாளு அதுதான். 2014ல சுப்ரீம் கோர்ட்டு ஜல்லிக்கட்டோட சேர்த்து இந்தப் பந்தயத்தையும் நிறுத்துச்சு, 2017ல சட்டம் போட்டுத் திரும்பக் கொண்டாந்தாக. அப்பா அதுக்கெல்லாம் முன்னாலயே போயிட்டாக, நல்லவேளை.

நீங்க "ஓட்டுற சொகம்"னு சொல்றீக பாரு, அது இந்தப் பேச்சுவார்த்தைதான்டா. ஜப்பான்ல மஸ்டாக்காரன் 1989ல எம்எக்ஸ்-5னு ஒரு சின்னக் காரு விட்டான். தலைக்கு மேல கூரையை மடக்கிக்கலாம், எடை ஒரு டன்னுகூட இல்ல, குதிரைச்சக்தியும் பிரமாதமில்ல. அவுக பாஷையில அதுக்கு ஒரு சொல் வச்சிருக்காக, குதிரையும் மேல உக்காந்தவனும் ஒரே உடம்புன்னு அர்த்தம். உங்க மாமன் லண்டன்ல இருந்தப்ப அதுதான் வச்சிருந்தான். ஒரு தடவ என்னை உக்கார வச்சு ஓட்டினான். வளைவுல அவன் கை அசைஞ்சதும் என் முதுகுத்தண்டுக்குச் சேதி வந்துச்சு. எங்க அப்பா ஞாபகம் வந்து நான் பேசாம இருந்தேன். அவன் எனக்குத் தலைசுத்துன்னு நினைச்சு வண்டியை நிறுத்திட்டான், மடப்பய.

உன் கரண்டு காருக்குள்ள பேட்டரி தரையோட தரையா கெடக்குது. அதனால வண்டி சாயாம வளையும், வாஸ்தவம். பாரம் கீழ இருக்கிற வண்டி குடை சாயாதுன்னு எள்ளு மூட்டை ஏத்தினவனுக்கெல்லாம் தெரியும். ஆனா அதுல பெரிய காரெல்லாம் ரெண்டு டன்னு. நம்ம டாக்குரியா பாலத்து அடியில எலி வளை பறிச்சு மண்ணைத் தள்ளுதுன்னு பேப்பர்ல ஒருவாட்டி எழுதியிருந்தாக. எலி அங்கிட்டுத் தோண்ட நீ இங்கிட்டு ரெண்டு டன்னை ஏத்து. ரொம்ப நல்ல கூட்டணி.

இப்ப சத்தத்துக்கு வா. "கரண்டு காருல உயிரே இல்ல, சத்தமே இல்ல"ன்னு உன் பெட்ரோல் கட்சிக்காரப் பயலுக பொலம்புறாங்கல்ல? கம்பெனிக்காரனுக்கும் அது காதுல விழுந்துருக்கு. 2023ல ஹூண்டாய்க்காரன் ஐயானிக் 5 என்னுன்னு ஒண்ணு செஞ்சான். அதுல கியர் மாத்துற வேலையே கெடையாது. ஆனா ஒரு பொத்தானை அமுக்கினா எட்டு கியர் இருக்கிற மாதிரி நடிக்கும். கியர் மாறுற எடத்துல வேணும்னே ஒரு குலுக்கு குலுக்கும். நேரத்துக்கு மாத்தாட்டி, இதுக்கு மேல சுத்த மாட்டேன்னு மூச்சுத் திணறுற மாதிரி பாசாங்கு பண்ணும். ஸ்பீக்கர்ல இஞ்சின் சத்தம் வேற. நம்ம மகிந்திராக்காரக 2024 நவம்பர்ல சென்னையில வச்சு பிஇ 6 காரை இறக்கினப்ப, அதுக்குச் சத்தம் போட்டுக் கொடுத்தது ஏ. ஆர். ரஹ்மான். கல்யாண வீட்டுக்கு மேளம் வச்ச மாதிரி காருக்கு இசையமைப்பாளர் வச்சிட்டாக. ஐரோப்பாவுல அதுக்கும் மேல, புதுசா வர்ற கரண்டு காரு மெதுவா போறப்ப சத்தம் போட்டே ஆகணும்னு 2019லயே சட்டம். கண்ணு தெரியாதவுக ரோட்டைக் கடக்கணும்ல? அது நியாயம். நம்ம கரியாஹாட் கடைத்தெருவுல அந்தச் சட்டம் தேவையே இல்ல, அங்க கண்ணு தெரிஞ்சவனுக்கே காது கேக்காது.

சிரிக்கிற. நானும் மொதல்ல சிரிச்சேன். அப்புறம் நம்ம வீட்டு செவலைப் பசு ஞாபகம் வந்துச்சு. கன்னு செத்துப்போனா மாடு பாலை அடக்கிக்கும். அதனால அந்தக் கன்னுத் தோலை உரிச்சு, வைக்கோலை அடைச்சு, நாலு குச்சி குத்தி, முன்னால நிறுத்துவாக. பசு அதை நக்கிக்கொடுத்துக்கிட்டே பால் விடும். அதுக்குத் தெரியாதுங்கிறியா? எனக்கென்னமோ தெரியும்னுதான் படுது. தெரிஞ்சேதான் நக்குது. அந்தக் கொரியாக் காரைக் கேலி பண்ணலாம்னு போயி ஓட்டிப் பார்த்த பத்திரிகைக்காரனெல்லாம் நல்லாத்தான்யா இருக்குன்னு எழுதினான். வைக்கோல் கன்னுக்கும் பால் சுரக்கும், பேராண்டி. கேவலமா பேசாத.

இன்னொரு சங்கதி. கரண்டு காரு நேத்துப் பெய்ஞ்ச மழையில முளைச்ச காளான்னு நீ நினைச்சுக்கிட்டு இருக்க. மணிக்கு நூறு கிலோமீட்டரை மொதல்ல தாண்டின காரே கரண்டு காருதான்டா! 1899 ஏப்ரல் மாசம், பாரீசுக்குப் பக்கத்துல, ஜெனாட்சின்னு பெல்ஜியத்துக்காரன் ஒருத்தன் துப்பாக்கிக் குண்டு மாதிரி ஒரு வண்டி செஞ்சு 105.88 கிலோமீட்டர்ல விட்டான். அந்த வண்டிக்கு அவன் வச்ச பேருக்கு அர்த்தம், "ஒருநாளும் திருப்திப்படாதவ". ஒன்னைப் பெத்து வளர்த்தவுகளுக்கு இந்தப் பேரு அன்னைக்குத் தெரிஞ்சிருந்தா ஒனக்கே வச்சிருப்பாக. அதே 1899 ஏப்ரல்லதான் இந்தக் கல்கத்தாவுல எமாம்பாக் சந்துல கரண்டு கம்பெனியோட மொத மின்நிலையம் ஓட ஆரம்பிச்சது. நீ கும்புடுற போர்ஷா இருக்காரே, அவரே ஆரம்பத்துல கரண்டு வண்டிதான் செஞ்சாரு. 1900ல பாரீஸ் பொருட்காட்சியில சக்கரத்துக்குள்ளயே மோட்டாரை வச்சுக் காட்டினாரு. அப்புறம் பேட்டரி எடை தாங்காம உலகம் பெட்ரோலுக்குப் போச்சு. நூத்திச் சொச்சம் வருஷம் ஊர் சுத்திட்டு இப்ப வாசலுக்குத் திரும்பி வந்து நிக்குது. மூத்த புள்ள திரும்பி வந்தா யாருய்யா நீயின்னு கேக்கலாமா?

ஆனா உண்மையான கரண்டு ஓட்டுற ஆளை நீ பார்த்ததில்ல. நான் பார்த்தேன். நாலஞ்சு வருஷத்துக்கு முன்னால நான் இங்க வந்த புதுசுல, கரியாஹாட் டிப்போவுக்கு நடந்துபோயி டிராமுல ஏறி எஸ்பிளனேடு வரைக்கும் சும்மா போயிட்டு வருவேன். உங்க அப்பன் நான் லேக்ல வாக்கிங் போறேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தான். ஓட்டுறவருக்குப் பின்னால சீட்டு கெடைச்சா போதும், எனக்கு சினிமா. அவருக்கு முன்னால ஒரு இரும்புப் பெட்டி, அதுமேல பித்தளைப் பிடி. அந்தப் பிடியை மில்லு மெசின் மாதிரி ஒவ்வொரு பல்லா திருப்பணும். மொதப் பல்லுல மோட்டார் எல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா கரண்டு வாங்கும், வண்டி மெதுவா அசையும். வேகம் பிடிச்சதும் இன்னும் திருப்பினா தனித்தனியா வாங்கும். அவசரப்பட்டுத் திருப்பினா வண்டி உதறும், நின்னுக்கிட்டு இருக்கிற அம்மா அடுத்தவுக மடியில விழுந்துரும். பயந்துக்கிட்டு பாதிப் பல்லுலயே நின்னா உள்ள கம்பி சூடேறும். எப்ப திருப்பணும்னு எழுதி வைக்கல. பாதத்துக்கு வர்ற அதிர்வுதான் சொல்லும். கால் கட்டைவிரலுக்கு அடியில மணி. தலைக்கு மேல 550 வோல்ட்டு. சும்மா விட்டுட்டு உருளவிடுற எடம் ஒண்ணு வரும் பாரு, ஒரு திருப்பத்துக்கு முன்னால, அப்ப அவர் பிடியைப் பூச்சியத்துக்குக் கொண்டாந்துட்டு லேசா தலையைச் சாய்ப்பார். எங்க அப்பா இறக்கத்துல பின்னுக்கு நகர்ற அதே சாயல்.

அன்னைக்குத்தான் எனக்கு ஒண்ணு வெளங்குச்சு. குத்தம் கரண்டு மேல இல்ல. 1902 மார்ச்சுல இருந்து இந்த ஊருல கரண்டுல ஓட்டிக்கிட்டு இருக்காங்க. நம்ம மெட்ராசுல அதுக்கும் முன்னால, 1895லயே. இந்த தேசத்துலயே மொதக் கரண்டு டிராமு நம்மளது, 1953ல நாமளே மூடினது. அந்த டிராமுக்காரர்கிட்ட எவனும் உன் வண்டியில உயிரில்லன்னு சொல்லல. ஏன்னா அவர் கைக்கு வேலை இருந்துச்சு. தப்பாச் செஞ்சா வண்டி உதறிக் காட்டுச்சு. உன் கரண்டு காருல நீ தப்பே செய்ய முடியாது. நீ மிதிக்க நினைக்கிறதுக்குள்ள கம்ப்யூட்டரு சக்கரத்தை அடக்கிருது. காலை எடுத்தா தானா மெதுவாகி, போன கரண்டுல கொஞ்சத்தைத் திரும்ப வாங்கி வச்சுக்குது. மருமவ கையில சாவிக்கொத்து கொடுத்த மாமியார் மாதிரி, கொடுத்த மாதிரியும் இருக்கும், கொடுக்காத மாதிரியும் இருக்கும். அந்த டிராமையும் 2024 செப்டம்பர்ல, மைதானத்துப் பக்கம் ஒரே ஒரு பாதையைத் தவிர மத்ததை நிறுத்தப்போறதா கவர்மெண்டு சொல்லிருச்சு. கேஸு ஐகோர்ட்டுல. ஊரெல்லாம் கரண்டுக்கு மாறணும்னு பேசுற காலத்துல, இருக்கிற கரண்டு வண்டியை ரோட்டை அடைக்குதுன்னு ஓரங்கட்டுறாக. இதுக்கு நான் என்ன நையாண்டி பண்ண? அவுகளே பண்ணிட்டாக.

நரேன் கார்த்திகேயன் பேரை இழுக்காத. உங்க அப்பன்கிட்ட நீ வாதாடினதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். கோயமுத்தூர்ப் புள்ள, 2005ல பார்முலா ஒன்னுக்குப் போன மொத இந்தியன், எனக்கும் பெருமைதான். அவன் பாயின்ட் எடுத்த பந்தயம் எதுன்னு தெரியுமா? அமெரிக்காவுல, டயர் தகராறுல பதினாலு காரு ஒதுங்கிப்போக, மீதி ஆறுல நாலாவதா வந்தான். அஞ்சு பாயின்ட்டு. கேலி பண்ணல. ரோட்டுல இருந்து மத்தவன் ஒதுங்குற வரைக்கும் நின்னு காத்திருக்கிறதும் ஒரு தெறமை, டாக்குரியாவுக்கு அதைவிட வேற தெறமை தேவையில்ல.

சரி, எதை வாங்குறதுன்னு கேட்டல்ல? ஆபீசுக்குப் போகக் கரண்டு காரு வாங்கு. சின்னதா வாங்கு. நெருக்கடியில ஒத்தக் காலுல ஓட்டிட்டு வரலாம், முழங்கால் மிச்சம். மூணு செகண்டுக்கு முப்பது லட்சம் சேர்த்துக் கொடுக்காத. புகையில்லன்னு பெருமையடிக்காத, பஜ்பஜ் மின்நிலையத்துல நிலக்கரி எரியுது. சார்ஜ் போட எடத்துக்கு பிளாட்டு அசோசியேசன்ல கேக்கணும், அது தனி மகாபாரதம், அதுக்கு நான் வர மாட்டேன். ஜெர்மன்காரனை வேணாம்னு சொல்றது பெட்ரோல்ங்கிறதால இல்ல. அந்தக் காரு சொகம் எல்லாம் நூறுக்கு மேல ஆரம்பிக்குது, நம்ம வேகத்தடையைத் தாண்டும்போது அதுக்கு வயிறு இடிக்குது.

ஓட்டுற சொகம் வேணும்னா அது வேற வாசல். அதுக்குத்தான் நேத்து உன்னை எழுப்பிக் கூட்டிட்டுப் போனேன். நம்ம சந்து முனையில மஞ்சள் அம்பாசடர் டாக்சி நிக்கும்ல, அந்தப் பீகார்க்காரர் எனக்கு டீக்கடை சிநேகிதம். இங்க இருந்து ஆத்தைத் தாண்டினா உத்தரபாரா, அங்க செஞ்ச வண்டி. 2014ல பாக்டரியை மூடிட்டாக. இந்த ஊரு டாக்சிக்கு உண்டான பதினஞ்சு வருஷக் கெடு முடியிற வரைக்கும்தான் இதுக்கும் ஆயுசு. மில்லு முதலாளிக்கு இருபத்திரெண்டு வருஷம் நான் ஓட்டினது அம்பாசடருதான், அது கிளட்சு எங்கன பிடிக்கும்னு உள்ளங்காலுக்குத் தெரியும். உனக்குத் தெரியல. பாலத்து ஏத்தத்துல மூணு தடவ அணைச்ச. பின்னால பஸ்ஸுக்காரன் வாயில வந்ததெல்லாம் பேசினான். வங்காளத்துல திட்டினாலும் பாட்டு மாதிரித்தான் இருக்கு. வண்டி பின்னுக்கு உருள, நீ கைப்பிரேக்கைத் தேட, டாக்சிக்காரர் ராமா ராமான்னு சொல்ல, நாலாவது தடவ ஒரு குலுக்கலோட ஏறிருச்சு. உச்சிக்குப் போனப்ப உனக்குச் சட்டையெல்லாம் வேர்வை. பல்லெல்லாம் தெரியச் சிரிச்ச. அந்த மூணு செகண்டு காருல நீ அப்படிச் சிரிக்கல, நான் பின்சீட்டுல உக்காந்து பார்த்துக்கிட்டுத்தானே வந்தேன்.

ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழம விடியக்காலம் ஒரு மணி நேரம் வண்டியைத் தர்றதா பேசி வச்சிருக்கேன். ஐநூறு ரூவா. டீசல் தனி, அணைச்சா ஒரு தடவைக்கு ஒரு டீ. நேத்து மூணு டீ பாக்கி. அதுல ஒண்ணு எனக்கு.